நாபோத்தின் வீட்டாரிடம் எலியா சொல்லாதது



2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியின் நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் கூறிற்று. அந்த வழக்கை விசாரிக்க நான் இங்கே வரவில்லை. அந்த வாரம் ஆராதனை முடிந்தபின் நம்மில் ஒருவர் சொன்னதே இன்றும் என்னைக் குத்துகிறது: "நித்தியத்தை நோக்குகிறவனுக்கு நிலம் எதற்கு, ஐயா?" பலர் தலையசைத்தார்கள். நானும் மறுமொழி சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இன்று சொல்லுகிறேன். அது விசுவாசத்தின் அங்கியைப் போர்த்துக்கொண்ட கடின இருதயம்.

ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைச் சும்மா கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டமோ, அதற்குரிய பணமோ தருவதாகவே சொன்னான். நம் நாளின் மொழியில் இழப்பீடு. பிதாக்களின் சுதந்தரம் என்பதால் நாபோத் மறுத்தான், அதற்காகக் கொல்லப்பட்டான். கர்த்தர் எலியாவை ஆகாபிடம் அனுப்பினார். நாபோத்தின் வீட்டாரிடம் போய்ப் பரம சுதந்தரத்தைப் பற்றிப் பிரசங்கிக்க அவனை அனுப்பவில்லை. (நிறுவனத்தை ஆகாப் என்கிறேன் என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். நான் பேசுவது நம் வாயைப் பற்றி.)

எரேமியாவைப் பாருங்கள். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது; தீர்க்கதரிசி காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அந்நேரத்தில் ஆனதோத்தின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறான். தேவன்மேல் வைத்த நம்பிக்கை அவனை ஒரு துண்டு வயலுக்குப் பத்திரம் எழுத வைத்தது.

நாமோ, 1956இல் நிறுவனம் தொடங்கியபின் கிராமங்கள் பெயர்ந்த மண்ணில் எழுந்த நகரியத்தில் குடியிருக்கிறோம். ஓய்வுபெற்றால் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று அறிந்து, பத்து ஆண்டுகளுக்கு முன்பே வடலூரிலோ கடலூரிலோ மனை வாங்குகிறோம். அடிக்கல் நாட்ட என்னை ஜெபிக்க அழைக்கிறீர்கள், மகிழ்ச்சியோடு வருகிறேன். அதில் பாவமில்லை. அங்கே யாரும் என்னிடம், "நித்தியத்தை நோக்குகிறவனுக்கு மனை எதற்கு?" என்று கேட்டதில்லை. நம் மனைக்கு ஆசீர்வாதம், அயலான் வயலுக்கு மட்டும் நித்தியமா?

மத்தேயு 25இல் மனுஷகுமாரன் சிங்காசனத்தில் அமர்ந்து விசாரிப்பது உணவையும் தண்ணீரையும் வஸ்திரத்தையும் பற்றித்தான். பூமியை எவ்வளவு அற்பமாய் எண்ணினாய் என்று அங்கே ஒருவனிடமும் கேட்கப்படவில்லை. அன்று ஆலய வாசலில் வாய்மூடி நின்றதற்கு நானும் அங்கே உத்தரவு சொல்ல வேண்டும்.