பாறை ஆற்றும் சூடு

‘பூமி எத்தனையோ வெப்ப யுகங்களைக் கண்டு மீண்டிருக்கிறது, இதையும் தானே சரிசெய்துகொள்ளும்’ என்று சொல்பவர்கள் உண்டு. முதல் பாதி உண்மை. இரண்டாவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகப் பாறை மீது விழுகிறது. சிலிக்கேட் பாறை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, வாயு பைகார்பனேட்டாகி ஆற்றோடு கடல் சேர்ந்து, கடைசியில் சுண்ணாம்புப் படிவமாக அடியில் தங்கிவிடுகிறது. இமயம் எழுந்தபோது புதுப்பாறை இடைவிடாமல் வெளிப்பட்டு இந்த வேலை மும்முரமானது, அதனால்தான் பூமி குளிர்ந்தது என்று மௌரின் ரேமோவும் வில்லியம் ரடிமனும் 1992-இல் வாதிட்டார்கள்.

அதற்குச் சாட்சி சொல்ல வந்தது லித்தியம். அதன் நிலையான ஐசோடோப்புகள் இரண்டு: லித்தியம்-6, லித்தியம்-7. பாறை சிதைந்து களிமண் உண்டாகும்போது, களிமண் லேசான 6-ஐயே அதிகம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆற்றுநீரில் கனமான 7-இன் பங்கு கூடும். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் கடல் உயிரி தன் சுண்ணாம்பு ஓட்டில் கடல்நீரின் விகிதத்தைப் பதிந்துவைக்கிறது. ஆழ்கடல் சேற்றை அலசி, மணல் அளவே உள்ள அந்த ஓடுகளை நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அவற்றில் லித்தியம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்குதான்.

பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த சம்புத்த மிஸ்ரா, ஃபிலிப் ஃபிரோலிச்சுடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, சுமார் 6 கோடி ஆண்டுகளில் கடலின் லித்தியம் விகிதம் ஆயிரத்துக்கு 9 என்ற அளவு கனமான பக்கம் ஏறியிருக்கிறது. தட்டையான பழைய நிலங்களின் காலம் போய் மலைகள் எழுந்ததன் அடையாளம் இது என்றார்கள். சிதைவின் வேகமே கூடியதா, சிதையும் விதம் மட்டும் மாறியதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குப் பின்னதே வலுவாகப் படுகிறது. எரிமலைகள் கக்கும் வாயு கூடாமல் சிதைவு மட்டும் கூடிக்கொண்டே போயிருந்தால், சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே காற்றில் கரியமில வாயு தீர்ந்துபோயிருக்கும்.

பாறை சூட்டை ஆற்ற எடுக்கும் காலக்கணக்கில் மட்டும் சர்ச்சையே இல்லை. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடேறியது. அது தணிய லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இன்று உலகின் சிலிக்கேட் பாறைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் உறிஞ்சுவதைப் போல் சுமார் நூறு மடங்கு கரியமில வாயுவை நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து நாம் வெளிவிடுகிறோம். பாறையைக் காட்டிப் புகைபோக்கிகளுக்கு அவகாசம் கேட்பதை ஏற்கவே முடியாது.