உணவுச்சாலையின் வரலாறும் ஊர் வரலாறே

கல்லூரிகள் விழா எடுக்குங்கால் மலர் வெளியிடுதல் நம் நாட்டு மரபு. அம்மலர்களிலே அதிபர்களின் உருவப்படங்களும், கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும், தேர்விலும் விளையாட்டிலும் பெற்ற வெற்றிகளும் இடம்பெறும். அவை வேண்டுவனவே. ஆயின், ஊராரின் பசியைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்த்துவந்த ஒரு குடும்பத்தின் உணவுக்கடை பற்றி ஒரு பக்கமேனும் எழுதுவாரில்லை. பழைய மாணவர் இக்குறையைத் தீர்க்க முன்வரல் வேண்டும் என்பது என் துணிபு.

இத்தாலிய நாட்டின் நேப்பிள்ஸ் நகரை நோக்குவோம். பீட்சா என்னும் உணவு அங்கே ஏழைகளின் தெரு உணவாக வளர்ந்தது. கோதுமை மாவு, உப்பு, புளிப்பேற்றும் நொதி, நீர் ஆகியவற்றைப் பிசைந்து, கையாலே விரித்து, தக்காளிக் குழம்பு பூசி, விறகடுப்பின் கடுவெப்பத்தில் ஓரிரு நிமிடத்துள் வாட்டி எடுப்பர். அந்நகரிலே கொண்டுரோ என்னும் குடும்பம் 1870ஆம் ஆண்டிலிருந்து தன் தொழில் மரபைக் கணக்கிட்டு வருகின்றது. அக்குடும்பத்து மிக்கேலே 1906இல் கடை திறந்தார். 1930இல் அது இப்போதுள்ள தெருவுக்கு வந்தது. பாலாடைக்கட்டியில்லாத மாரினாரா, பாலாடைக்கட்டி இட்ட மார்கரிட்டா என்னும் இரண்டே வகைகளை நெடுங்காலம் விற்றுப் புகழ்பெற்றது அக்கடை. 2017ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் நேப்பிள்ஸ் பீட்சாக்காரரின் கைத்தொழிலை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் உரிய மதிப்பு, மாவு பிசையும் கைக்கும் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

அதே நகரின் மற்றொரு கதையும் நமக்குப் பாடமாகும். 1889இல் மார்கரிட்டா அரசிக்கு ரபாயேலே எஸ்பொசிட்டோ என்பவர் மூவண்ணப் பீட்சா செய்து கொடுத்தார் என்றும், அதனாலேயே அப்பெயர் வந்தது என்றும் கூறுவர். அதற்குச் சான்றாக அரண்மனைக் கடிதமொன்றையும் காட்டுவர். ஆனால், அக்கடிதம் மெய்யானதுதானா என ஆய்வாளர் ஐயம் எழுப்பியுள்ளனர். உரிய காலத்தில் எழுதிவையாத வரலாற்றிலே கதை வந்து குடியேறும். குடியேறிய கதையை எழுப்பி அனுப்புதல் எளிதன்று.

இத்தகைய குடும்பங்கள் நமக்கு அண்மையிலும் உள. பெங்களூரிலே மையா குடும்பத்தார் 1924இல் தொடங்கிய சிற்றுண்டிச்சாலை பின்னர் மாவள்ளி டிபின் ரூம்ஸ் எனப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் அரிசி அரிதானபோது ரவையில் இட்டலி செய்தவர் தாமே என அவர்கள் கூறுவர். 1970களில் இந்தியாவில் நெருக்கடிநிலை நிலவியபோது அரசு விதித்த விலைக்குத் தரங்குன்றாது உணவளிக்க இயலாமையால் கடையை மூடி, மாவுக் கலவைகளைப் பொதி செய்து விற்கத் தலைப்பட்டனர். 2007இல் அப்பொதி உணவுத் தொழில் நோர்வே நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. உணவுச்சாலையோ குடும்பத்தின் கையிலேயே நின்றது. போரும் பஞ்சமும் அரசாணையும் ஓர் அடுப்படிக்குள் எவ்வாறு புகுகின்றன என்பதை இவ்வொரு கடையின் கதையே காட்டிவிடுகின்றது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்குச் செல்வோர், சந்தை அலுவல் முடிந்ததும் ரொட்டிக் கடைகளிலே பசியாறுவர். மாரியில் தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்ந்தால் அவ்வழி அடைபடும். வெள்ளம் வடிந்ததும் மீண்டும் அதே கடை, அதே மேசை. பாண் என்னும் சொல்லைப் போர்த்துக்கீசரும், கோப்பி என்னும் சொல்லை ஒல்லாந்தரும் நமக்கு விட்டுச் சென்றனர். கொத்து ரொட்டியிலே கொத்து என்பது நம் சொல். ரொட்டி வடக்கிலிருந்து வந்த சொல். மாவுக்குரிய கோதுமையோ கடல் கடந்து வருவது. ஒரு கோப்பையிலும் ஒரு தட்டிலும் இத்துணை வரலாறு அடங்கியிருக்கின்றது. கொத்து ரொட்டி கிழக்கிலங்கையிலே தோன்றியதெனப் பலர் கூறினும், தோன்றிய இடம் பற்றி ஊருக்கொரு கதை வழங்குகின்றது. நேப்பிள்ஸ் கடிதத்தின் நிலை நமக்கும் வந்துகொண்டிருக்கின்றது.

1985இலும் 1990இலும் இக்கரையோரத்தில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்குமிடையே பூசல் மூண்டது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்முனைக் கரையை அழித்தது. 2022இல் எரிவாயுவும் மாவும் கிடையாமல் நாடெங்கும் வெதுப்பகங்களும் உணவுக்கடைகளும் மூடுண்டன. இவற்றையெல்லாம் தாங்கி மீண்டும் அடுப்பு மூட்டிய குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. இரு சமூகத்தாரும் அச்சமின்றி அருகருகே அமர்ந்துண்ணும் இடங்களுள் அக்கடைகள் முதன்மையானவை. ஒற்றுமை பற்றி மேடையிலே பேசுவார் பலர். அதனை நாள்தோறும் பரிமாறியவர் இவரே.

“குலத்தொழிலைப் போற்றுவது பிள்ளைகளை அடுப்படியிற் கட்டிவைப்பதாகாதா?” என்று சிலர் வினவலாம். வினா நேரியதே. தந்தை ரொட்டி சுட்டார் என்பதற்காக மகனும் சுடவேண்டும் என்று யாம் கூறோம். அவன் மருத்துவனாகலாம், வளைகுடா நாட்டிற்குப் போகலாம், கல்லூரி இருப்பதே அவ்வழிகளைத் திறப்பதற்கன்றோ? ஆயின், மகன் கடையை விட்டுச் செல்வானாகில், தந்தையின் அறிவும் அவரோடு மண்ணாதல் வேண்டுமா? தொழிலைத் தொடர்வது விருப்பம். அதன் வரலாற்றைக் காப்பது கடமை. எழுதி வைத்தல் எவரையும் கட்டிவையாது.

நாவிதன்வெளி என்னும் பெயரையே எண்ணிப் பாருங்கள். அரசனின் பெயரோ வள்ளலின் பெயரோ அன்று. ஒரு தொழிலாளியைக் குறிக்கும் சொல்லே ஊர்ப்பெயருள் வாழ்கின்றது. இத்தகைய ஊரார் தொழிலாளரின் வரலாற்றைச் சிறிதென எண்ணுதல் தகுமோ?

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். உயர்வகுப்பு மாணவரைக் குழுக்களாக்கி, ஆண்டுதோறும் நம் சுற்றுவட்டாரத்துக் குடும்பக் கடைகள் சிலவற்றுக்கு அனுப்புவோம். கடை தொடங்கிய ஆண்டு, முதன்முதல் விற்ற பண்டம், அதன் விலை, மூடிய நாட்கள், மூடிய காரணம், மீண்டும் திறக்க உதவியவர் ஆகிய இவற்றைக் கேட்டு எழுதுக. பழைய கணக்கேடுகள் இருப்பின் உரியவரின் இசைவுடன் படமெடுத்துக் கல்லூரி நூலகத்திற் சேர்க்குக. கூறுவார் சொல்லையும் ஏட்டின் சான்றையும் வெவ்வேறாகக் குறிக்குக. மாணவர்க்குத் தமிழ் உரைநடைப் பயிற்சியும் வரலாற்றுப் பயிற்சியும் இதனால் ஒருங்கே கைகூடும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையுள்ள செவியும் போதும். கணக்கேடுகளைக் கறையான் அரிக்கின்றது. முதியோர் ஒவ்வொருவராக நம்மை விட்டு அகலுகின்றனர். அடுத்த மலர் வரும்வரை காத்திராது, இவ்வாண்டே தொடங்குவோமாக.