மெஷினுக்கு மானியம், மெஷினை ஓட்டுறவருக்கு என்ன?

நீங்க ஓட்டுற வண்டியில இருக்கிற ஒரு போல்ட் தாங்குமா, தாங்காதான்னு முடிவு சொல்றது யார் தெரியுமா? கம்பெனி முதலாளி இல்லை. டெஸ்டிங் லேபில் உட்கார்ந்திருக்கும் ஒரு டெக்னீஷியன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ல் தொடங்கியது. வார்ப்பு, ஃபோர்ஜிங், ஆட்டோ உதிரிபாகம் என்று சின்னச் சின்னப் பட்டறைகள். ஒவ்வொரு பட்டறையும் சொந்தமாக ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்க முடியுமா? முடியாது. அதற்காகத்தான் பொது ஆய்வகம். பீஸைக் கொடுத்து, கட்டணம் கட்டி, ரிப்போர்ட் வாங்கிப் போகலாம். சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் என்றால் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். அதற்கு ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது.

என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலைப்படி நடக்க வேண்டும். சோதனை செய்பவரின் தகுதி, பயிற்சி, அவருக்குக் கொடுத்த அனுமதி எல்லாவற்றுக்கும் அது பதிவேடு கேட்கிறது. ஆனால் அவர் என்ன சம்பளம் வாங்குகிறார், பத்து வருஷம் கழித்து எந்தப் பதவியில் இருப்பார் என்று யாரும் கேட்பதில்லை!

அம்பத்தூரிலிருந்து மூணாவது ஸ்டேஷன் ஆவடி. அங்கே அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. இருக்கிறது. டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம். அங்கே ஐ.டி.ஐ. முடித்தவர் டெக்னீஷியன்-ஏ ஆகச் சேர்ந்தால், ஏழாவது ஊதியக்குழுப்படி அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாயில் ஆரம்பம். டிப்ளமாவோ பி.எஸ்சி.யோ படித்தவர் சீனியர் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் ஆனால் 35,400. மேலே டெக்னிக்கல் ஆபீசர் வரை படிகள் உண்டு. அகவிலைப்படி தனி.

ஆக, ஏணி எப்படிப் போடுவது என்று அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் போடவில்லை, அவ்வளவுதான்.

2020ல் ஒன்றிய அரசு பாதுகாப்புத் துறைச் சோதனைக் கூடங்களுக்கு 400 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. செலவில் 75 சதவீதம் வரை ஒன்றிய அரசின் மானியம். 2024 ஜூலை 2ல் தமிழ்நாட்டுக்கு மூன்று கூடங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் அறிவிப்பை நல்லாப் படிங்க. கூடம் கட்டி முடித்த பிறகு பயன்படுத்துவோரிடம் வசூலிக்கும் கட்டணத்தில் அதுவே தன்னை நடத்திக்கொள்ள வேண்டுமாம்!

இதற்கு என்ன அர்த்தம்? கட்டணம் குறைந்தால் மின்கட்டணத்தை வெட்ட முடியாது, மெஷின் பராமரிப்பை வெட்ட முடியாது. வெட்டு விழுவது ஆள் சம்பளத்தில்தான். நிரந்தர வேலை ஒப்பந்த வேலை ஆகும். நாலு வருஷம் கற்றுக்கொண்ட கை, நாலாயிரம் ரூபாய் அதிகம் கிடைக்கிற இடத்துக்குப் போய்விடும். கோடி ரூபாய் மெஷின் மேல் துணி போர்த்திக் கிடக்கும்.

“சம்பளத்தைக் கூட்டினா டெஸ்டிங் சார்ஜ் ஏறும், சின்னப் பட்டறைக்காரர் எங்கே போவார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தச் சுமையைப் பட்டறைக்காரர் தலையில் கட்டாதீங்க என்றுதான் நாமும் சொல்கிறோம். மெஷினுக்கு மானியம் தர முடிகிற அரசுக்கு, மனிதருக்குத் தர முடியாதா? ஒரு தப்பான ரிப்போர்ட்டால் ஒரு லோடு சரக்கு திரும்பி வந்தால் ஆகிற நஷ்டத்தைவிட இது பெரிய செலவா?

ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பது புதுக் கோரிக்கை இல்லை. அரசு வேலையில் நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு, அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதிய விகிதம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. பிரிட்டனில் 2017லிருந்து ‘டெக்னீஷியன் கமிட்மென்ட்’ என்ற உறுதிமொழியில் பல்கலைக்கழகங்கள் கையெழுத்துப் போட்டு, டெக்னீஷியன்களுக்கு அங்கீகாரமும் முன்னேறும் வழியும் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன.

நாம் கேட்பது நாலே நாலு:

1. பொது ஆய்வகங்களுக்கு ஒரே பதவி ஏணி. டெக்னீஷியன், சீனியர் டெக்னீஷியன், கருவிப் பொறுப்பாளர், ஆய்வக மேலாளர். எத்தனை வருஷத்தில், எந்தத் தேர்ச்சியில் அடுத்த படி என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

2. தொடக்கச் சம்பளம் ஐ.டி.ஐ.க்கு 19,900, டிப்ளமா, பி.எஸ்சி.க்கு 35,400 என்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது.

3. அரசுப் பணம் வாங்கும் ஒவ்வொரு ஆய்வகமும் சம்பளப் பட்டியலை வெளியிட வேண்டும். இது மானிய நிபந்தனையாக வேண்டும்.

4. முதல் ஐந்து வருஷம் சம்பளச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் டிப்ளமா சர்டிபிகேட்டோடு நிற்கிற பையனுக்கும் பொண்ணுக்கும் “லேப் வேலைக்குப் போனா உருப்படலாம்” என்று நம்பிக்கையோடு சொல்ல முடியணும். இன்றைக்கு நம்மால் சொல்ல முடியவில்லை.

ஆய்வகத்தில் வேலை பார்க்கிற தோழர்களே, உங்க பதவி, சர்வீஸ் வருஷம், சம்பளத்தைப் பெயர் போடாமல் இன்பாக்ஸில் அனுப்புங்க. பட்டியல் போட்டு அமைச்சர் மேஜையில் வைப்போம். மற்றவர்கள் பகிருங்கள்.

#ஆய்வக_ஊழியருக்கு_ஏணி_எங்கே
#அம்பத்தூர் #ஆவடி #பூந்தமல்லி