பலமும் ஓர் அமானிதம்



பளு தூக்கிப் பழகும் வாலிபர் சிலர், பயிற்சி முறையை மாற்றியதும் தோள் இளைத்துப் பலமும் குன்றிவிட்டதாகக் கலங்குகின்றனர். அக்கலக்கமே சிலரை ஊசி மருந்துகளின்பால் இழுத்துச் செல்கிறது. பெற்றோரே, கவனியுங்கள்!

தசை, தான் சுமக்கும் பாரத்திற்கேற்பவே நிலைபெறும். பாரத்தை வெகுவாகக் குறைத்து எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், உச்ச பலம் குறையும். பாரத்தைக் குறைக்காமல் சுற்றுகளை மூன்றிலொன்றாக்கினாலும், பலம் பல வாரங்கள் நிற்கும். ரமளானுக்கு உகந்த வழி இது. ஸஹரில் முட்டை, பருப்பு, மீன் இருக்கட்டும், உறக்கமும் குறையலாகாது. இழந்த தசை, முதன்முறையைவிட விரைவாகவே மீளும்.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்டில், தொடைக் காயத்தின் பின் வந்து தூக்கியது 317 கிலோ. பதினொரு கிலோ குறைவு, ஆயினும் தங்கமே!

பலமுள்ள முஃமின் சிறந்தவர் என்றும், குறைவாயினும் நிலையான அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். திருநள்ளாற்றுப் பிள்ளைகளே, அவசரம் வேண்டாம். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பலத்தையும் பொறுமையையும் சேர்த்தே அருள்வானாக! ஆமீன்.