செத்த கிளியிலிருந்து தொடங்குங்கள்



நகைச்சுவைச் சிறப்பிதழ் என்று அறிவித்ததும் வந்து குவிந்த கடிதங்களில் ஒரு கேள்வி பலரிடமிருந்தும் வந்திருந்தது. “மான்டி பைத்தான், மான்டி பைத்தான் என்று அடிக்கடி எழுதுகிறீர்களே, யார் அவர்கள்? பார்ப்பதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?” நியாயமான கேள்விதான். ஆறு பேர் கொண்ட நகைச்சுவைக் குழு அவர்கள். 1969 அக்டோபர் 5 அன்று பிபிசியில் தொடங்கி 1974 டிசம்பர் வரை ஓடிய ‘மான்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’ மொத்தம் 45 பகுதிகள். அதற்குமேல் சினிமாக்கள், இசைத்தட்டுகள், மேடை நிகழ்ச்சிகள். முதல் பகுதியிலிருந்து வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். வேறு ஒரு வரிசை சொல்கிறேன்.

முதலில் செத்த கிளி. அதே 1969 டிசம்பரில் ஒளிபரப்பான நாடகத்துணுக்கு. ஜான் க்ளீஸ் கையில் கூண்டோடு கடைக்குள் வருகிறார். அரைமணி நேரத்துக்கு முன் இதே கடையில் வாங்கிய கிளி செத்துக் கிடக்கிறது என்கிறார். கல்லாவில் நிற்கும் மைக்கேல் பாலின், அது ஓய்வெடுக்கிறது என்கிறார். க்ளீஸ் கிளியை எடுத்துக் கல்லா மேஜையில் ‘டொக் டொக்’ என்று தட்டுகிறார், மேலே தூக்கிப் போடுகிறார், அது தொப்பென்று விழுகிறது. பாலின் அசரவில்லை. நார்வே நாட்டுக் கிளி, ஊர் ஞாபகத்தில் ஏங்கிப்போயிருக்கிறது என்கிறார். கிளி கம்பியில் உட்கார்ந்திருந்ததே ஆணி அடித்து வைத்ததால்தான் என்று க்ளீஸ் காட்டியபிறகும் அவரிடம் ஒரு பதில் இருக்கிறது. அப்புறம் க்ளீஸுக்குப் பொறுமை போய், மரணத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இதன் மூலக்கரு ஒரு கார் ஷெட். தன் வண்டியில் என்ன கோளாறு என்று கொண்டுபோனாலும் ஒத்துக்கொள்ளாத மெக்கானிக் ஒருவரைப் பற்றி பாலின் சொல்லிச் சிரித்ததை வைத்து, க்ளீஸும் கிரஹாம் சாப்மனும் 1968-இல் வேறொரு நிகழ்ச்சிக்காக ஒரு காட்சி எழுதினார்கள். அதைப் பைத்தானுக்காகத் திருத்தும்போது, கார் வேண்டாம், கிளி இருக்கட்டும் என்றவர் சாப்மன். பொருளை விற்றபிறகு பல்லிளிக்கும் வியாபாரியை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அதனால்தான் இந்தக் கிளி எந்த ஊர்க்காரருக்கும் புரிகிறது.

இது எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். முடிவதே இல்லை. ராணுவச் சீருடையில் சாப்மன் நடுவில் வந்து, கூத்து அளவுக்கு மீறிப் போகிறது என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். பைத்தான்களை ரசிக்க ஒரே ஒரு சூத்திரம் போதும்: முத்தாய்ப்புக்காகக் காத்திருக்காதீர்கள். கடைசி வரியில் பலத்த சிரிப்பை வைத்து விளக்கை அணைப்பதுதான் அதுவரை வழக்கம். அந்தக் கடைசி வரிக்காகவே நல்ல காட்சிகள் பல வீணாகின்றன என்பது இவர்களுடைய எண்ணம். அதே 1969-இல் ஸ்பைக் மில்லிகனின் ‘க்யூ5’ நிகழ்ச்சி காட்சிகளை அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியது. நாம் செய்ய நினைத்ததை இவர் செய்துவிட்டாரே என்று இவர்கள் திகைத்தார்களாம். அந்த மில்லிகன் பிறந்தது நம் நாட்டு அகமத்நகரில், 1918-இல். பிரிட்டிஷ் ராணுவ வீரர் ஒருவரின் மகன்.

முடிவில்லாத காட்சிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தது டெர்ரி கில்லியமின் கத்தரிக்கோல். ஆறு பேரில் அவர் மட்டும் அமெரிக்காவில் பிறந்தவர். பழைய புத்தகப் படங்களை வெட்டி, கேமராவுக்குக் கீழே துளித்துளியாக நகர்த்திப் படம்பிடிப்பார். தொடக்க இசை முடிகிற நொடியில் மேலிருந்து இறங்கி எல்லாவற்றையும் நசுக்கும் அந்தப் பெரிய பாதம், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ப்ரான்ஸீனோ ஓவியத்தின் மன்மதனுடையது. இசை, சூஸா 1893-இல் அமைத்த ராணுவ அணிவகுப்பு மெட்டு. காப்புரிமை தீர்ந்துபோனது, காசு கொடுக்க வேண்டியதில்லை!

மற்ற ஐவரில் க்ளீஸ், சாப்மன், எரிக் ஐடில் மூவரும் கேம்பிரிட்ஜ். பாலினும் டெர்ரி ஜோன்ஸும் ஆக்ஸ்ஃபோர்டு. க்ளீஸ் படித்தது சட்டம், சாப்மன் முறையாகப் படித்துத் தேறிய டாக்டர். க்ளீஸ்–சாப்மன் ஒரு ஜோடியாகவும், பாலின்–ஜோன்ஸ் ஒரு ஜோடியாகவும், ஐடில் தனியாகவும் எழுதுவார்கள். பிறகு எல்லோரும் கூடி உட்கார்ந்து உரக்கப் படிப்பார்கள். மற்றவர்கள் சிரித்தால் உள்ளே, சிரிக்காவிட்டால் வெளியே.

கிளிக்கு அடுத்து ‘கோணல் நடை அமைச்சகம்’ பாருங்கள், 1970. கோட்டு, தொப்பி, கைப்பெட்டி சகிதம் ஆறடிக்கும் மேல் உயரமான க்ளீஸ், காலை எங்கெங்கோ வீசிக்கொண்டு அலுவலகம் போகிறார். தன் கோணல் நடையை மேம்படுத்த அரசு மானியம் கேட்டு ஒருவர் வருகிறார். நடந்து காட்டச் சொல்லிவிட்டு, இதில் கோணல் போதவில்லையே என்று அதிகாரி கவலைப்படுகிறார். மானியத்துக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்திருந்த எவருக்கும் அந்த முகபாவம் பரிச்சயமாக இருக்கும்.

மூன்றாவது, 1972-இன் ‘வாக்குவாத நிலையம்’. காசு கட்டினால் ஐந்து நிமிடம் உங்களோடு வாக்குவாதம் செய்வார்கள். வாடிக்கையாளர் பாலின், எதைச் சொன்னாலும் இல்லை என்கிறார் க்ளீஸ். இது வாக்குவாதம் இல்லை, வெறும் மறுப்பு என்று பாலின் சண்டை பிடிக்கிறார். மணி அடித்ததும், நேரம் முடிந்தது, மறுபடி காசு கட்டினால்தான் பேசுவேன் என்கிறார் க்ளீஸ். பாலின் கட்டுகிறார். கட்டவில்லை என்கிறார் அவர். கட்டாவிட்டால் இப்போது ஏன் என்னோடு வாதாடுகிறீர்கள் என்று மடக்குகிறார் பாலின். தர்க்க வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நடத்துவதை ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘தத்துவ ஞானிகளின் கால்பந்தாட்டம்’. கிரேக்க அணி ஒருபக்கம், ஜெர்மானிய அணி மறுபக்கம். நடுவர் கன்பூசியஸ். விசில் ஊதியதும் பந்தை யாரும் தொடுவதில்லை. ஆளுக்கொரு பக்கம் தாடையைத் தடவியபடி யோசித்துக்கொண்டு நடக்கிறார்கள். மாற்று ஆட்டக்காரராக மார்க்ஸ் ஆவேசமாக உடம்பை முறுக்கிக்கொண்டு இறங்குகிறார், இறங்கியதும் அவரும் யோசனையில் ஆழ்ந்துவிடுகிறார். ஆட்டம் முடியப்போகும் வேளையில் ஆர்க்கிமிடீஸுக்கு ஏதோ உறைக்க, கிரேக்கர்கள் பந்தை உதைக்க, சாக்ரடீஸ் தலையால் முட்டி கோல் போடுகிறார்.

இத்தனையும் பிடித்திருந்தால் மட்டும் முழுப் பகுதிகளுக்குப் போங்கள். இரண்டாம் வரிசையின் 13 பகுதிகளில் தொடங்குவது உத்தமம். கடைசி வரிசையின் 6 பகுதிகளில் க்ளீஸ் இல்லை, அந்தக் குறை தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் எழுதியது எல்லாமே தங்கமில்லை. பெண் வேடங்களைப் பெரும்பாலும் தாங்களே சேலை உடுத்தாத குறையாகக் கீச்சுக்குரலில் போட்டுக்கொண்டு, கரோல் க்ளீவ்லேண்ட் போன்ற நல்ல நடிகைக்கு அழகுப் பதுமை வேலையே நிறையக் கொடுத்தார்கள். பிற இனத்தவரை நையாண்டி செய்யும் சில இடங்கள் இன்று முகம் சுளிக்க வைக்கும். தாண்டிப் போங்கள், குடி முழுகாது.

சினிமாவில் முதலாவதாக ‘ஹோலி கிரெய்ல்’, 1975. ஆர்தர் மன்னர் கதை. போட்ட முதலில் ஒரு பகுதி பிங்க் ஃப்ளாய்ட், லெட் ஸெப்பலின் போன்ற ராக் இசைக் குழுக்களுடையது. குதிரைக்குப் பணமில்லை. ஆகவே மன்னர் குதிரைமேல் இருப்பதுபோல் குதித்துக் குதித்து ஓட, பின்னால் சேவகன் இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டிக் குளம்போசை எழுப்புகிறான். குளிர்நாட்டில் தேங்காய் ஏது என்று கோட்டைக் காவலன் கேட்க, அதுவே ஒரு நீண்ட விவாதமாகிறது.

அடுத்தது ‘லைஃப் ஆஃப் ப்ரையன்’, 1979. என் கணக்கில் அவர்களின் உச்சம். இயேசு பிறந்த அதே நாளில் பக்கத்துத் தொழுவத்தில் பிறந்து, வேண்டாம் வேண்டாம் என்று ஓடினாலும் விடாமல் தீர்க்கதரிசியாக்கப்படும் ஒரு சாதாரணப் பையனின் கதை. படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் ஈஎம்ஐ நிறுவனம் பயந்து பின்வாங்கியது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார். காரணம் கேட்டபோது, அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்றாராம். அயர்லாந்திலும் நார்வேயிலும் தடை. பக்கத்து ஸ்வீடன்காரர்கள், நார்வேயில் தடை செய்யும் அளவுக்குச் சிரிப்பான படம் என்று விளம்பரம் செய்தார்கள். படத்தைப் பாருங்கள், அடி இயேசுவின்மேல் விழவில்லை, கூட்டமாகச் சேர்ந்ததும் யோசிப்பதை நிறுத்திவிடுபவர்கள்மேல் விழுகிறது.

நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. நீங்கள் இரவெல்லாம் விழித்து எழுதும் பைத்தான் நிரல்மொழி, பாம்பின் பெயரைக் கொண்டதில்லை. 1991-இல் அதை வெளியிட்ட கீடோ வான் ராசம் இந்த நிகழ்ச்சியின் நினைவாக வைத்த பெயர் அது. அதன் பாடங்களில் உதாரணத்துக்கு ‘ஸ்பாம்’, ‘எக்ஸ்’ (முட்டை) என்று வருவதும் இங்கிருந்துதான். எதைக் கேட்டாலும் டப்பா இறைச்சியான ஸ்பாமோடு சேர்த்தே தரும் ஓர் உணவகம், ஸ்பாமின் புகழைப் பாடி மற்றவர் பேச்சையெல்லாம் அமுக்கிவிடும் வைக்கிங் கூட்டம் என்று 1970-இல் ஒரு காட்சி செய்தார்கள். வேண்டாமலே வந்து குவியும் மின்னஞ்சலுக்குப் பெயர் வந்ததும் அந்த உணவகத்திலிருந்துதான்.

சாப்மன் 1989 அக்டோபர் 4 அன்று புற்றுநோயில் இறந்தார், நிகழ்ச்சியின் 20-ஆம் ஆண்டு நிறைவுக்கு முதல் நாள். நினைவுக் கூட்டத்தில் க்ளீஸ், கிளிக் காட்சியின் மரணப் பட்டியலையே இரங்கலுரையாக்கினார். கூட்டம் ப்ரையன் படத்தில் சிலுவையில் தொங்கியபடி பாடும் பாட்டைச் சேர்ந்து பாடியது. ஜோன்ஸ் 2020 ஜனவரியில் போனார்.

பார்க்கும்போது ஆங்கில வசன எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சு வேகம் அப்படி. ஆறு பேரில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று எழுதுங்கள். பலர் க்ளீஸ் என்பீர்கள். என் ஓட்டு பாலினுக்கு. கத்துகிறவர் எதிரே முகம் மாறாமல், பொய்யை மரியாதையாகச் சொல்லிக்கொண்டு நிற்பது கத்துவதைவிடக் கஷ்டம். தவிர, 80 நாளில் உலகைச் சுற்றும் தொலைக்காட்சித் தொடருக்காக 1988-இல் துபாயிலிருந்து பாய்மரக் கலத்தில் பம்பாய் வந்து, ரயில் பிடித்துச் சென்னைக்கு வந்து, இங்கிருந்து சரக்குக் கப்பலில் சிங்கப்பூர் போன மனிதர். நம் ஊருக்கு வந்து போனவருக்கு ஓட்டுப் போடாமல் இருக்க முடியுமா?

அன்புடன்,
ஆசிரியர்