கோப்பை வாங்கினால் போதுமா?

திருவண்ணாமலையில் பவுர்ணமி அன்று மலையை வலம் வருகிறவர்களை எண்ணி முடியாது. பாதையின் தூரம் 14 கிலோமீட்டர். முதியவர்கள்கூட நடந்து முடித்துவிடுகிறார்கள். நிலா வெளிச்சம் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் கூட்டம் வருகிறது. அதனால் கால் வலி தெரிவதில்லை.

பவுர்ணமி இல்லாத நாளில், தூறல் விழும் நேரத்தில், அதே மலையைச் சுற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் அவர்கள் நடக்கிறார்கள். பக்தி என்பது அதுதான்!

விளையாட்டுக்கும் இப்படி ஒரு பக்தி வேண்டும். பந்தயம் நடக்கும் நாளில் எல்லோரும் ஓடுவார்கள். பந்தயம் இல்லாத நாளிலும் ஓடுகிறவர்தான் பெரிய வீரர் ஆகிறார்.

வேலூர் வீரர்

இதற்குச் சாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டாம். பக்கத்து மாவட்டமான வேலூரிலேயே இருக்கிறது. அங்கே சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் சதீஷ் சிவலிங்கம். பளு தூக்கும் வீரர். அவருடைய தந்தையும் பளு தூக்கியவர்.

2014-ம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. 77 கிலோ எடைப் பிரிவில் சதீஷ் மொத்தம் 328 கிலோ தூக்கினார். தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22.

22 வயதில் தங்கம்! பலர் இத்துடன் திருப்தி அடைந்துவிடுவார்கள். சதீஷ் நிற்கவில்லை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போனார். பதக்கம் கிடைக்கவில்லை. அதற்காகவும் பயிற்சியை விடவில்லை.

பிறகு ஒரு சோதனை வந்தது. தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடையில் காயம் பட்டது. அந்தக் காயத்தின் பாதிப்போடுதான் 2018-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். கோல்டு கோஸ்ட் நகரில் காமன்வெல்த் போட்டி.

ஒரு கிலோ பின்னால்!

பளு தூக்கும் போட்டிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில், பளுவை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்க வேண்டும். சதீஷ் 144 கிலோ தூக்கினார். இங்கிலாந்து வீரர் ஜாக் ஆலிவர் 145 கிலோ தூக்கினார். சதீஷ் ஒரு கிலோ பின்தங்கிவிட்டார்.

இரண்டாவது பகுதியில், பளுவை முதலில் தோளுக்குக் கொண்டு வந்து, பிறகு தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். ஆலிவர் 167 கிலோவோடு நின்றுவிட்டார். சதீஷ் 173 கிலோ தூக்கினார். மொத்தம் 317 கிலோ. மீண்டும் தங்கம்!

முன்பு தூக்கியதைவிட இது 11 கிலோ குறைவு. ஆனாலும் வெற்றி கிடைத்தது. குதிரில் நெல் சேர்த்து வைத்தவர் பஞ்சத்தில் பட்டினி கிடப்பதில்லை. பல ஆண்டுப் பயிற்சியும் சேர்த்து வைத்த நெல்தான். உடம்பு முழு பலத்தோடு இல்லாத நாளில் அது கைகொடுக்கிறது.

பெற்றோர் கவனிக்க

அதிகப் பயிற்சி என்றால் உடம்பை வதைப்பது என்று அர்த்தம் அல்ல. காயம் பட்டால் ஆற விடுவதும் பயிற்சிதான். நேரத்துக்குச் சாப்பிடுவதும், நேரத்துக்குத் தூங்குவதும் பயிற்சிதான். நன்றாக வருவதை விட்டுவிட்டு, வராததைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது எல்லாவற்றையும்விடப் பெரிய பயிற்சி.

பள்ளிப் பந்தயத்தில் முதலாவதாக வரும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோப்பையோடு வீட்டுக்கு வந்தால் தெருவே பாராட்டுகிறது. அடுத்த வருடம் என்ன நடக்கிறது? "பரீட்சை வருகிறது, ஓடியது போதும்" என்கிறார்கள். பெண் பிள்ளை என்றால், "வயசுக்கு வந்த பெண்ணுக்கு மைதானத்தில் என்ன வேலை?" என்கிறார்கள். கோப்பை அலமாரியில் இருக்கும். கால்கள் ஓட்டத்தை மறந்துவிடும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் தங்கப் பதக்கம் கிடைக்காது. ஆனால், யாரும் பார்க்காதபோதும் ஒழுங்காக உழைக்கும் பழக்கம் எல்லோருக்கும் கிடைக்கும். அது படிப்புக்கும் உதவும், பிழைப்புக்கும் உதவும்.

கோப்பை வாங்கிய அன்று பிள்ளைக்கு இனிப்பு கொடுக்காத வீடு இல்லை. மறுநாள் விடியற்காலையில் அந்தப் பிள்ளையை எழுப்பி, மைதானத்துக்கு அனுப்புகிற வீடு எது? வீரர்கள் அந்த வீட்டிலிருந்துதான் வருவார்கள்.