தறிக்கூடத்துக்கு என்ன நிறம்?

எங்கள் ஊரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போக இரண்டு வழி. திருத்தணியில் மின்சார ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜ் வரை போய் இறங்கி, அங்கே கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருப்பது ஒன்று. திருவள்ளூர், ஊத்துக்கோட்டை என்று பஸ் மாறி மாறிப் போவது இன்னொன்று. எப்படிப் போனாலும் அரை நாள் போய்விடும். இத்தனைக்கும் ஆர்.கே.பேட்டையும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்.

அந்தப் பாதையில் 22 வருடம் போய்வந்தவள் நான். சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் கணக்கெழுதினேன். ஞாயிறு மதியம் கிளம்பினால் சனி இரவுதான் வீடு. வீட்டுக்காரர் ஊரில் நாலு விசைத்தறி ஓட்டினார். பெண்ணை வளர்த்தது மாமியார். வார நாட்களில் என் குடித்தனம் ஒரு லைன் வீட்டில்: ஏழு அறைக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். வெளியே வந்தால் ஒரு கம்பெனி மதில் முடியும் இடத்தில் அடுத்த கம்பெனி மதில். இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடந்து வரும் பெண்கள் கும்பலாகத்தான் வருவோம். ஊர் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை என்பதை அப்போது ஒரு குறையாகக்கூட நினைக்கத் தெரியவில்லை. தொழிற்பேட்டை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

வேலையை விட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. சென்னையின் முதல் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது 1970-களின் நடுவில். சென்னையின் நெரிசலைக் குறைக்க மூன்று துணை நகரங்களை அந்தத் திட்டம் சொன்னது. மறைமலை நகர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி. மூன்றில் இரண்டு எங்கள் பக்கம்! நான் ஒரு குழாய்க்கு வரிசையில் நின்ற அதே இடத்தில், காகிதத்தில் ஒரு நகரமே இருந்திருக்கிறது. அரசு கையில் எடுத்துச் செய்தது மறைமலை நகரை மட்டும். அங்கே குடியிருப்புப் பகுதிகளுக்கு என்.எச்-1, என்.எச்-2 என்று பெயர். புதிதாகப் போகிறவர்கள் நெடுஞ்சாலை என்று நினைத்து வழி கேட்பார்கள். அது 'நெய்பர்ஹுட்' என்பதன் சுருக்கம். மறைமலையடிகளின் பெயரை வைத்துவிட்டு, தெருவுக்கு இப்படி ஒரு பெயர். அதை விடுங்கள். அந்த நகரமும் சட்டென்று நிரம்பிவிடவில்லை. மனை ஒதுக்கிய வேகத்தில் வேலை வரவில்லை. அங்கே வீடு வந்து வேலைக்குக் காத்திருந்தது. எங்கள் கும்மிடிப்பூண்டியில் வேலை வந்தது, வீடு வரவே இல்லை.

இப்போது மறுபடி புதுநகரப் பேச்சு. மீஞ்சூர், திருமழிசை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மாமல்லபுரம் ஆகிய ஆறுக்கும் புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் போடுகிறார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் சென்னைக்குப் பக்கத்தில் 2,000 ஏக்கரில் ஓர் உலக நகரம் என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருமழிசைத் துணை நகரத்தை 2011-ல் அறிவித்தபோதும் நன்றாகத்தான் இருந்தது. 2020 மே மாதம், கொரோனா சமயத்தில், கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாக அந்த இடத்துக்குத்தான் மாற்றினார்கள். ஒன்பது வருடம் கழித்தும் சந்தை போடுகிற அளவுக்கு வெட்டவெளி மிச்சம் இருந்தது. மழை பெய்ததும் கத்தரிக்காய் தண்ணீரில் மிதந்ததை டிவியில் பார்த்தோம்.

என் மகள் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். போன வருடம் பத்து வாரம் அவளோடு இருந்தேன். அந்த ஊரும் காகிதத்தில் பிறந்ததுதான். 1967 ஜனவரி 23 அன்று, லண்டனுக்கு வடமேற்கே சுமார் 22,000 ஏக்கரைக் குறித்து, இங்கே நகரம் வரும் என்று அறிவித்தார்கள். இரண்டரை லட்சம் பேர் என்பது அன்றைய இலக்கு. 2021 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 2.87 லட்சம் பேர். சாலைகள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக, பாவும் ஊடையும் போல ஓடுகின்றன. இதைச் சொன்னதும் மகள் சிரித்தாள்: "அம்மா, எங்கே போனாலும் உனக்குத் தறிதான்."

அந்த ஊரைக் கொண்டாட எனக்கு மனமில்லை. கார் இல்லாதவருக்கு அங்கே காலே இல்லை. கடைத்தெரு என்று பெரிய கண்ணாடிக் கட்டடம். ஒரு டீ குடித்துக்கொண்டே நாலு பேரோடு பேசும் திண்ணையைப் பத்து வாரமும் தேடினேன். ஆரம்பத்தில் கட்டிய தட்டைக் கூரை வீடுகள் ஒழுகியதாக அங்கே பழைய ஆட்கள் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். ஆனால் மகள் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிறாள். வண்டிச் சாலையைத் தொடாமல் சிவப்புத் தளம் போட்ட தனிப்பாதை. பன்னிரண்டு நிமிடம். நைட் ஷிப்ட் முடித்து அவள் தனியாக வருவதை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். நாங்கள் கும்பலாக வந்த நாட்கள் ஞாபகம் வரும்.

தொழிற்சாலைகளை ஒரே மூலையில் குவிக்காமல் நகரம் முழுக்கத் தூவியிருக்கிறார்கள். காலையில் ஊரே ஒரு திசையில் ஓடி மாலையில் திரும்பி ஓடுவதைத் தவிர்க்க அப்போதே யோசித்திருக்கிறார்கள். பழைய ஊர்களான வோல்வர்ட்டன், ஸ்டோனி ஸ்டிராட்ஃபர்ட், பிளெட்ச்லி எதையும் இடிக்கவில்லை. அவற்றைச் சுற்றி நெய்திருக்கிறார்கள். வில்லன் ஏரி என்று ஒன்று. வேடிக்கை பார்க்கத் தோண்டியது என்று நினைத்தேன். கட்டடங்களிலும் சாலைகளிலும் பெய்யும் மழை ஒரேயடியாக ஆற்றில் போய் விழாமல் தாங்கிக்கொள்ள, நகரத்தோடு சேர்த்துத் தோண்டிய ஏரியாம். தோண்டாமலே நம் மாவட்டம் முழுக்க ஏரி இருக்கிறது. நம் திறமை அதில் மனை போடுவதில்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று மருமகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்டோர்ஸ்காரிக்கு அந்தப் புத்தி போகாது. நகரத்துக்கென்று ஒரே ஒரு வளர்ச்சிக் கழகம் இருந்தது. நகரம் வருகிறது என்பதற்காக ஏறிய விலையைச் சேர்க்காமல், வயல் விலையை ஒட்டி நிலத்தை அது வாங்கியது. சாலை, சாக்கடை, பள்ளிக்கூடம் வந்த பிறகு மனைகளை நல்ல விலைக்கு விற்றது. ஏறிய விலை நகரத்தின் கணக்கில் வந்தது. 1992-ல் கழகத்தைக் கலைத்தபோது, பூங்காக்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அறக்கட்டளையை வைத்து, வாடகை வரும் கட்டடங்களை அதன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கோயிலுக்கு மானியம் எழுதிவைத்த மாதிரி.

விவசாயிக்குக் குறைந்த விலை கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. 1946-ல் ஸ்டீவனேஜ் புதுநகரத்தை எதிர்த்தவர்கள், அமைச்சர் சில்கின் பெயரை வைத்து ரயில் நிலையப் பலகையையே மாற்றி எழுதினார்கள். நம் ஊரில் விவசாயிக்கு இரண்டு மடங்கு கொடுங்கள், நிலத்துக்குப் பதில் நகரத்துக்குள்ளேயே மனை கொடுங்கள். என் கேள்வி, அவருக்கும் நகரத்துக்கும் நடுவில் நிற்கிறவரைப் பற்றியது. புதுநகரம் என்று பேப்பரில் வந்த மறுநாளே சாலையோரம் வண்ணக் கொடி கட்டி, 'திட்டத்துக்கு மிக அருகில்' என்று மனை விற்கிறார்களே, அந்த லாபத்தில் ஒரு குழாய்கூட வராது. அறிவிப்புக்கு முந்தைய தேதியில் விலையை நிறுத்தி, நிலம் வாங்கவும் கட்டவும் வாடகைக்கு விடவும் அதிகாரமுள்ள தனிக் கழகம் அமைக்காமல் வரைபடம் மட்டும் போட்டால், கொடி கட்டுகிறவருக்குத்தான் வழிகாட்டுகிறோம்.

அந்தக் கழகம் முதலில் கட்ட வேண்டியது விற்பனைக்கான வீடு அல்ல, வாடகை வீடு. ஸ்ரீசிட்டி தொழில் நகரத்துக்கும் சிப்காட்டுக்கும் கம்பெனி பஸ்ஸில் போகும் இருபது வயதுப் பெண்கள் மனை வாங்கப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது பூட்டு போட்ட ஓர் அறை, தண்ணீர், விளக்கெரியும் தெரு.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்.கே.பேட்டையின் முழுப் பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. பேட்டை என்றாலே யாரோ யோசித்துச் சந்தை வைத்து, தொழிலாளிகளைக் குடியேற்றிய இடம்தான். சென்னையிலேயே 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களுக்கென்று ஒரு பேட்டை அமைத்தது. நெய்கிறவர், நூற்கிறவர், சாயம் போடுகிறவர், வெளுக்கிறவர் எல்லோரும் ஒரே இடத்தில். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. கம்பெனிக்குத் துணி வேண்டும் என்ற சுயநலம்தான். ஆனாலும் வேலையையும் வீட்டையும் பிரிக்கக் கூடாது என்று கம்பெனிக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய வரைபடங்களில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்குக் கத்தரிப்பூ நிறம். எங்கள் தெருவில் முன்கூடத்தில் தறி, பின்கட்டில் அடுப்பு, நடுவில் தார் சுற்றிக்கொண்டே பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பாட்டி. அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் இப்படித் தெருத் தெருவாக இருக்கிறது. குடிசைத் தொழில் என்று விதியில் ஓர் ஓரம் ஒதுக்குவார்கள். ஊரே தறியாக இருந்தால் ஓரம் எப்படிப் போதும்? சத்தம் என்று நாளை புதிதாகக் குடிவருகிறவர் மனு கொடுத்தால், தறியைத்தான் தூக்கச் சொல்வார்கள்.

திருவள்ளூர் புதுநகர்த் திட்டத்தின் கோடு எங்கள் ஊர் வரை வராமலும் போகலாம். நிலத்தின் விலை அந்தக் கோட்டைப் பார்த்து நிற்காது. வரைவு வெளியாகி ஆட்சேபனை கேட்கும் நாளில், திருவள்ளூருக்குப் பஸ் ஏறப் போகிறேன். எங்கள் தறிக்கூடம் பதினெட்டு அடிக்குப் பன்னிரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அந்தச் சுவரின் மேல் எந்த நிறம் அடிப்பீர்கள் என்று கேட்க வேண்டும்.